சிவப்பு மருந்தும் எலியின் இதயமும்

தேவனாம்பட்டினத்திலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் பரங்கிப்பேட்டை, அதையும் தாண்டினால் பிச்சாவரம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் சுற்ற எல்லோரும் போகிறோம். (இதயக்கனி படத்தை அங்கேதான் எடுத்தார்கள். அந்தத் தலைப்புக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் தற்செயல்தான் :-) ஆனால் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்காரர்கள் அங்கே போவது சேறு அள்ள. அந்தச் சேற்றில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்களைத் தேடியிருக்கிறார்கள். புது மருந்து கிடைக்குமா என்று பார்க்கத்தான்.

மண்ணில் போய் மருந்தா என்று கேட்டால் பதில் இத்தாலியில் இருக்கிறது. 1950களில் ஃபார்மிட்டாலியா என்ற இத்தாலிய கம்பெனி, காஸ்டல் டெல் மாண்டே என்கிற பழைய கோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸைப் பிரித்தெடுத்தது. அது நல்ல சிவப்புச் சாயம் ஒன்றைச் சுரந்தது. அந்தச் சாயம் எலிகளின் புற்றுக் கட்டிகளைச் சுருக்கியது. அதே சமயத்தில் பிரான்சிலும் அதையே கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதியில் ரோமானியர்களுக்கு முன்பு வாழ்ந்த டானி என்ற இனத்தின் பெயரையும், மாணிக்கக் கல்லுக்கான பிரெஞ்சு வார்த்தையையும் ஒட்டி டானோரூபிசின் என்று பெயர் வைத்தார்கள். 1960களில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கொடுக்க ஆரம்பித்தார்கள். நோய் கட்டுப்பட்டது. ஆனால் 1967 வாக்கில் வேறொரு செய்தி வந்தது. மருந்து வாங்கிய சில பேர் இதயம் செயலிழந்து இறந்தார்கள்.

சரி, பாக்டீரியாவைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம் என்று ரசாயனம் போட்டு அதன் மரபணுவைக் கலைத்தார்கள். அதிலிருந்து இன்னொரு சிவப்பு மருந்து வந்தது. ஏட்ரியாட்டிக் கடலை நினைத்து ஏட்ரியாமைசின் என்றார்கள், பிறகு அது டாக்ஸோரூபிசின் ஆனது. மார்பகப் புற்று உட்பட நிறைய கட்டிகளுக்கு முன்னதைவிட நன்றாக வேலை செய்தது. இதயத்தை மட்டும் இதுவும் விடவில்லை. 1973ல் வந்த ஒரு ஆய்வில் 399 நோயாளிகளில் 11 பேருக்குக் கடுமையான இதயச் செயலிழப்பு. வாழ்நாளில் மொத்தமாகச் சேரும் அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து ஏறுகிறது என்று அப்போது கணக்குப் போட்டார்கள். பிற்பாடு பார்த்ததில் அதற்குக் கீழேயும் ஆபத்து இருந்தது.

நம் ஊர்க் குழந்தைகளுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 1980களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், மும்பை, டெல்லி மருத்துவமனைகளிலும் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்த எம்சிபி-841 என்ற சிகிச்சை முறையில் டானோரூபிசினும் உண்டு. ஐந்து வயதில் பிழைத்த குழந்தைக்கு அதே இதயம் இன்னும் அறுபது வருஷம் ஓட வேண்டுமே!

இங்கேதான் மிருகங்கள் வருகின்றன. இந்த மருந்து இதயத்தை இரண்டு விதமாகத் தொடுகிறது. ஒன்று உடனடி. நாய்க்கு வேகமாக ஊசி போட்டால் ஹிஸ்டமின் வெளியேறி ரத்த அழுத்தம் சட்டென்று விழும். எலிக்கு ஒரே பெரிய டோஸ் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஈசிஜி மாறும், இதயத் தசையிலிருந்து என்சைம்கள் ரத்தத்தில் கசியும். 1970களில் சுவிட்சர்லாந்தின் ஸ்பிண்டன் என்பவர் எலியின் ஈசிஜியை வைத்தே இந்த வகை மருந்துகளைத் தரம் பிரிக்கும் சோதனையை உருவாக்கினார். இன்னொன்று மெதுவாக வருவது. சின்னச் சின்ன டோஸ்கள் வாரக்கணக்கில் சேர்ந்து தசை நலிந்து போவது. 1974ல் முயல்களுக்கு அப்படிக் கொடுத்து, மனிதர்களுக்கு வருவது மாதிரியே இதயம் கெடுவதைக் காட்டினார்கள்.

முதல் வகைச் சோதனை மலிவு, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. 1977ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சுண்டெலிகளுக்கு முன்கூட்டியே வைட்டமின் ஈ கொடுத்தால் டாக்ஸோரூபிசினால் இதயத்துக்கு வரும் சேதம் குறைகிறது, புற்றைக் கொல்லும் வேலையும் கெடவில்லை என்றது. எவ்வளவு சந்தோஷம் பாருங்கள், கடையில் கிடைக்கும் வைட்டமின்! ஆனால் 1980ல் முயல்களுக்கு நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தபோது அது காப்பாற்றவில்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் நோயாளிகளிடமும் பலிக்கவில்லை. சுண்டெலி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி சில நாட்களுக்கு உரியது, நோயாளியின் கேள்வி வருஷங்களுக்கு உரியது.

சிதம்பரத்துக்கு வருவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையிலிருந்து எலி இதயம் பற்றி நிறைய கட்டுரைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஐசோபுரோடெரினால் (இது கீமோ மருந்து இல்லை) இரண்டு நாள் ஊசி போட்டு இதயத் தசையைச் சேதப்படுத்தி, அதற்கு முன்பே கொடுத்து வந்த தாவரப் பொருள் காக்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்ஸோரூபிசினை வைத்தும் நாடு முழுக்க இதே பாணியில் செய்கிறார்கள். இதை நான் குறை சொல்லவில்லை, கையில் இருக்கும் பணத்துக்கு இதுதான் முடியும். ஆனால் 'இதயத்தைக் காக்கும் மூலிகை' என்று பேப்பரில் வரும்போது, எலியை எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி போட்டால் என்ன?

குறுகிய சோதனை வீண் என்றும் சொல்ல முடியாது. 1972ல் ஹெர்மன் என்ற அமெரிக்கரும் கூட இருந்தவர்களும், வெளியே எடுத்து ஓடவிட்ட நாயின் இதயத்தில் ஐசிஆர்எஃப்-187 என்ற பொருள் இந்த மருந்துகளின் கெடுதலைத் தடுப்பதைப் பார்த்தார்கள். அதுவும் சட்டென்று முடியும் சோதனைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. பீகிள் நாய்களுக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்து 1981ல் எழுதினார்கள். அங்கேயும் காத்தது. 1988ல் மார்பகப் புற்று வந்த பெண்களிடம் காத்தது. 1995ல் டெக்ஸ்ராசாக்ஸேன் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வுக்கூட மேஜையிலிருந்து அனுமதிக்கு 23 வருஷம்!

அது எப்படிக் காக்கிறது? இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் என்றுதான் பாடம் எழுதி வைத்திருந்தார்கள். 2012ல் அமெரிக்காவில் சுண்டெலிகளின் இதயத்தில் டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற புரதத்தை மட்டும் இல்லாமல் செய்து டாக்ஸோரூபிசின் கொடுத்தார்கள். இதயம் தப்பியது. டெக்ஸ்ராசாக்ஸேன் கை வைப்பதும் அதே புரதத்தின் மேல்தான் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள், இரும்புக் கட்சியினர் இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை.