நரம்புச் செல்லின் உட்சட்டகம்: பிறப்புக்குப் பிந்தைய வளர்ச்சி

நரம்புச் செல்லின் நீண்ட கிளைகளை உள்ளிருந்து தாங்குவது ஒரு புரதச் சட்டகம். நுண்குழல்கள், நரம்பிழைகள், ஆக்டின் இழைகள் ஆகியவை சேர்ந்தது இது. குழந்தை பிறக்கும்போது இச்சட்டகம் முழுமை பெற்றிருப்பதில்லை.

எசுப்பானிய அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1903இல் உருவாக்கிய வெள்ளி நைட்ரேட்டுச் சாய முறையில் நரம்பிழைகள் தெளிவாகத் தெரிந்தன. குளிர்கால உறக்கத்திலிருந்த ஊர்வனவற்றில் அவை தடித்திருந்தன. எலும்புபோல் நிலைத்த பொருளன்று என்பது அப்போதே புலப்பட்டது. நுண்குழல்களோ நெடுநாள் தப்பின. திசுவைப் பதப்படுத்திய ஆசுமியம் சேர்மம் அவற்றைக் குலைத்துவந்தது. 1963இல் குளூட்டரால்டிகைடு பயன்பாட்டுக்கு வந்தபின்னரே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை பரவலாகக் காணப்பட்டன.

வயதுக்கேற்ற மாற்றத்தைக் காட்டியவர்களுள் பிரான்சின் ழாக் நூனெஸ் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். எலி மூளையின் சாற்றை எடுத்து, சோதனைக் குழாயிலேயே நுண்குழல்கள் உருவாகும் வேகத்தை அளந்தனர். வளர்ந்த எலியின் சாற்றில் அவை விரைவாக உருவாயின. பிறந்த குட்டியின் சாற்றில் மெதுவாகவே உருவாயின. குழலுக்கு மூலப்பொருளான டியூபுலின் குட்டியின் மூளையிலும் நிறையவே உண்டு. செங்கல் இருந்தும் சாந்து போதாத சுவரின் நிலை அது. குழலைப் பிணைத்து நிறுத்தும் டௌ முதலிய துணைப் புரதங்கள் வளர்ச்சியின்போது மாறுகின்றன என்பதை 1980இல் வெளியிட்டனர். மனிதக் கருவின் மூளையில் டௌவின் மிகக் குறுகிய வடிவமே உள்ளது, வளர்ந்தோரிடம் ஆறு வடிவங்கள் உள்ளன என்பது 1989இல் தெரியவந்தது.

நரம்பிழையிலும் இதே கதைதான். 1982இல் ஜெரி ஷா, கிளாஸ் வெபர் இருவரும் எலி மூளையை ஆராய்ந்தனர். நரம்பிழையின் மூன்று புரதங்களுள் மிகப் பெரியது மற்ற இரண்டுக்கும் பிந்தி, பிறப்புக்குப் பின்னரே பெருகுவதைக் கண்டனர்.

இளம் சட்டகம் தளர்வாக இருப்பதைக் குறையென்று கொள்ளலாகாது. நீளவும், வழி தவறினால் பின்வாங்கவும் கிளைகளுக்கு அந்த நெகிழ்வு வேண்டும். உரிய காலத்தில் அது உறுதிப்படாமல் போவதே ஆபத்து. தைராய்டு சுரப்பு குறைந்த எலிக்குட்டிகளில் நுண்குழல் உருவாக்கம் பின்தங்குவதை நூனெஸ் குழுவினர் 1970களிலேயே கண்டிருந்தனர்.

அக்குறையுடன் பிறக்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குன்றுவதற்குச் சட்டகம் ஒன்றே காரணமன்று. அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இக்குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் பிறந்தவுடன் அறிகுறி எதுவும் தெரியாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ழான் துசோ, தாளில் உலர்ந்த இரத்தத் துளியைக் கொண்டு இக்குறையைக் கண்டறியும் சோதனையை 1970களில் தொடங்கினார். சோதனை முந்தியது, செல்லினுள் நடப்பதன் விளக்கம் பிந்தியது. பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இயல்பாகவே அமைகிறது.