இரண்டாவது பெயர்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்குத் தமிழ்ச் சிறுகதை வரலாறு நடத்திக்கொண்டிருந்தோம். 'சிட்டி – சிவபாதசுந்தரம்' என்று வழக்கம்போல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மணிக்கொடிக்கார்களுள் ஒருவரான சிட்டியைப் பற்றி விரிவாகப் பேசினோம். அவரது இயற்பெயர் பெ.கோ. சுந்தரராஜன் என்பது, தி. ஜானகிராமனோடு சேர்ந்து காவிரிக் கரையில் பயணம் செய்து பயணநூல் எழுதியது என்று செய்திகள் வரிசையாக வந்தன. முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, முதல் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது பெயர் யார்?"

இலங்கைக்காரர், வானொலியில் இருந்தவர் என்று சொன்னோம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தும் நூலின் ஆசிரியரைப் பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. மணி அடித்து நம்மைக் காப்பாற்றியது.

அன்று மாலையே நூலகத்தில் தேடினோம். முதல் தடங்கல் முன்னெழுத்தில். ஈழத்தில் சிவபாதசுந்தரம் என்ற பெயரில் புகழ்பெற்றவர் இருவர். புலோலியைச் சேர்ந்த சைவ அறிஞர் சு. சிவபாதசுந்தரனார் ஒருவர், நாம் தேடியவரோ சோ. சிவபாதசுந்தரம். ஓர் எழுத்து மாறினால் வானொலிக்காரர் சைவ சித்தாந்தியாகிவிடுவார். நாம் பார்த்த அட்டவணையில் அப்படித்தான் ஆகியிருந்தார். சோ.சி.யின் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலோ மின்னணுவியல் தட்டில், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் நூல்களுக்கு நடுவே இருந்தது. நிற்க.

சோ. சிவபாதசுந்தரம் 1912இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர். வானொலிக்கு வருமுன் அவர் பத்திரிகையாளர். நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'யின் ஆசிரியராக முப்பதுகளின் இறுதியில் பொறுப்பேற்றார். இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் முதலானோர் ஈழத்துச் சிறுகதைக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கதைக்கு இடம் ஒதுக்கவும், நீண்டதைக் குறைக்கவும், வராத கட்டுரைக்காக அச்சுக்கூடத்தை நிறுத்திவைக்கவும் அங்கே பழகியவர், நாற்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பு வானொலிக்குப் போனார். அச்சிலிருந்து ஒலிக்கு இடம்பெயர்ந்த முதல் தலைமுறைத் தமிழ்ப் பத்திரிகையாளர்களுள் ஒருவர் என அவரைச் சொல்லலாம்.

அந்த இடப்பெயர்ச்சியின் கனத்தை இன்று உணர்வது கடினம். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறந்தது 1938 ஜூனில். திருச்சியில் 1939 மே மாதத்தில். மறு ஆண்டுகளில் உலகப் போர் முற்றியது. செய்தி கேட்பதற்காகவே மக்கள் பெட்டியின் முன் கூடினார்கள். பேசுவதற்கும் போட்டி இருந்தது. பெர்லினிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. லண்டனில் பிபிசி 1941 மே 3ஆம் நாள் தமிழில் வாரந்தோறும் ஒரு செய்தி மடலைத் தொடங்கியது. இரண்டு பக்கமும் தமிழன் காதைப் பிடிக்கப் போராடின. ஆனால் காதுக்கென்று எழுதப்பட்ட தமிழ் உரைநடை என்று ஒன்று அப்போது யாரிடமும் ஆயத்தமாக இல்லை. மேடைத் தமிழ் இருந்தது, கதாகாலட்சேபத் தமிழ் இருந்தது, பத்திரிகைத் தமிழ் இருந்தது. நான்கு சுவர்களுக்குள் ஒலிவாங்கியின் முன் தனியாக அமர்ந்து, முகம் தெரியாத ஒருவரிடம் போர்ச் செய்தி சொல்லும் தமிழ் இல்லை.

பிபிசியின் அந்தக் கீழைச் சேவையில் 1941 முதல் 1943 வரை வேலை பார்த்தவர்களில் ஜார்ஜ் ஆர்வெலும் ஒருவர். இந்திய மொழிகளில் பெயர்த்து வாசிப்பதற்காக அவர் ஆங்கிலத்தில் வாராந்தரச் செய்தி விளக்கங்களை எழுதினார்; தமிழுக்குப் போனவையும் அவற்றில் உண்டு. ஆர்வெலின் ஆங்கிலம் எளிமைக்குப் பெயர்பெற்றது. ஆனால் ஆங்கிலத்தின் எளிமை தமிழுக்கு வரும்போது அப்படியே எளிமையாக இருப்பதில்லை. ஏன் என்பதற்கு நம் ஊர் அனுபவம் ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

சிங்கப்பெருமாள் கோயிலில் நம் வீடு பாடலாத்ரி மலைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் இருந்தது. எண்பதுகளின் இறுதியில், நாம் சிறுவராக இருந்தபோது, இரவு ஒன்பதேகால் மணிக்குத் திண்ணையில் 'தமிழோசை' ஒலிக்கும். அப்பாவும் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இருவரும் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். சிற்றலை ஒலி கடல் அலைபோல் ஏறி இறங்கும். உச்சத்தில் தெளிவாகக் கேட்பது அடுத்த நொடியில் கிணற்றுக்குள் போய்விடும். அது போதாதென்று செங்கற்பட்டு மின்சார ரயில் வேறு. 'இன்ன ஊரைப் படையினர் கைப்பற்றிவிட்டதாக வெளியான செய்தியை...' என்பது வரைக்கும் கேட்கும். அதற்குப் பின்னால் ரயில். உறுதிசெய்தார்களா, மறுத்தார்களா? மூன்று பெரியவர்களும் அரைமணி நேரம் வாதிடுவார்கள். ஒருவர் 'மறுத்தது' என்பார். இன்னொருவர், வாசித்தவரின் குரலில் மறுப்பின் தொனி இல்லை என்பார்.

தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. வினைமுற்று வரும் வரையில் நடந்ததா, நடக்கவில்லையா, நடந்ததாக யாரோ சொல்கிறார்களா என்று தெரியாது. ஆங்கிலத்தில் 'இன்னார் சொல்கிறார்' என்பது முதலில் வந்துவிடும். தமிழிலோ குற்றச்சாட்டு முழுவதும் உண்மைபோல் ஒலித்து முடிந்த பிறகு, 'என்று அவர் கூறினார்' என்று வாலாக வரும். கண்ணால் படிப்பவருக்கு மேற்கோள் குறி இருக்கிறது. முழு வாக்கியமும் ஒரே பார்வையில் விழுகிறது. புரியாவிட்டால் திரும்பிப் படிக்கலாம். கேட்பவருக்கு இவை ஒன்றும் இல்லை. போர்க்காலத்தில், கலவரக் காலத்தில், வால் அறுந்த ஒரு வாக்கியம் ஒரு தெருவையே ஓடவைக்கும். யார் சொன்னது என்பதை முன்னால் வைத்து, வினையெச்சங்களை அடுக்காமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று முறித்து எழுதுவது வானொலிக்காரருக்கு நடை அழகு பற்றிய விஷயம் அன்று. பொறுப்பு பற்றிய விஷயம்.

சோ. சிவபாதசுந்தரம் நாற்பதுகளின் பிற்பகுதியில் கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சென்று பிபிசியின் தமிழ் ஒலிபரப்பை நடத்தினார். அந்த நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் அவரே. பாரதியின் புகழ்பெற்ற பாடலொன்றில் வரும் சொல் அது. செய்தி மடல் என்பது காகிதத்தின் பெயர்; மடல் கையில் இருப்பது, படிக்கப்படுவது. ஓசை என்பது காதுக்குரியது. ஒரு நிகழ்ச்சியின் பெயரை மாற்றியதைப் பெரிதுபடுத்துகிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஆங்கில மூலத்தைப் பெயர்த்து வாசிக்கும் ஓர் அலுவலகக் கிளையை, தமிழ் கேட்பவர் தம்முடையதென்று எண்ணும் ஒன்றாக ஆக்கும் முனைப்பு அந்தப் பெயரிலேயே தெரிகிறது. நம் திண்ணைப் பெரியவர்கள் ஒருபோதும் 'பிபிசி' என்று சொன்னதில்லை. 'தமிழோசை போட்டாச்சா?' என்றுதான் கேட்பார்கள்.

லண்டனிலிருந்து திரும்பியபோது இலங்கை வானொலி வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக அமைக்கப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் கதவை ஏறத்தாழச் சாத்திவிட, தமிழகத்துத் தேநீர்க் கடைகளின் முள் கொழும்பை நோக்கித் திரும்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் அந்த முள் முழுதாகத் திரும்பவில்லை. இலங்கை வானொலியைப் பற்றி நம்மவர் எழுதும் நினைவுகளெல்லாம் பாடல்களையும் மயில்வாகனனின் குரலையும் சுற்றியே இருக்கின்றன. அது நியாயமே. ஆனால் குரல்களுக்குப் பின்னால் நேரத்தைப் பிரித்து, பேச்சாளரைத் தேர்ந்து, கையெழுத்துப் படியைத் திருத்தி உட்கார்ந்திருந்தவர்களின் உழைப்பு நினைவில் நிற்பதில்லை. நன்றாகச் செய்யப்பட்டால் அது தெரியவே தெரியாது. அக்கால ஒலிபரப்புகள் பெரும்பாலும் நேரடியானவை, காற்றோடு போயின.

இதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறோம். இல்லாவிட்டால் 1954இல் 'ஒலிபரப்புக் கலை'யை எழுதியிருக்க மாட்டார். தமிழில் இத்துறை பற்றி வந்த முதல் நூலாக அது கருதப்படுகிறது. காற்றில் வேலை செய்த ஒருவர், தம் தொழிலைக் காகிதத்தில் கட்டிவைத்த செயல். அந்நூலைத்தான் பழுதுபார்க்கும் நூல்களுக்கிடையே கண்டெடுத்தோம். 'கலை' என்ற சொல் அட்டையிலேயே இருந்தும்.

அவருடைய பயணநூல்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மாணிக்கவாசகர், கௌதம புத்தர், சேக்கிழார் ஆகியோரின் 'அடிச்சுவட்டில்' என்று மூன்று நூல்கள் எழுதினார். நூலகத்தில் இருந்தபடியே ஏடுகளை வைத்துச் சரிதம் எழுதியிருக்கலாம். அவரோ இடங்களுக்குப் போனார், கண்டார், எழுதினார். அதைச் செய்தியாளரின் முறை என்று சொல்லத் தோன்றுகிறது. சேக்கிழார் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூர்க்காரர். பெரியபுராணத்தை மனப்பாடமாகச் சொல்லும் நாம், இங்கிருந்து அரைநாள் செலவிட்டால் பார்த்துவிடக்கூடிய குன்றத்தூருக்குப் படிப்புக்காக ஒருமுறையும் போனதில்லை. கரம்பொன்காரர் ஒருவர் வந்து நடந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பின்னாளில் சென்னையில் வாழ்ந்தார். அங்கேதான் சிட்டியோடு இணைந்து 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977), 'தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்' (1989) ஆகிய நூல்கள் உருவாயின. இங்கே வகுப்பில் நாம் ஒருநாளும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. சிட்டியும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். அதாவது, தமிழ்ப் புனைகதையின் வரலாற்றை விரிவாகத் தொகுத்துத் தந்த இருவருமே வானொலிக்காரர்கள். பேராசிரியர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள் என்று சொல்லி நம் குலத்தைக் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆனாலும் எண்ணத் தூண்டுகிறது.

இன்னும் சில பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு, சுகி சுப்பிரமணியம். எல்லோரும் வானொலிச் சம்பளம் வாங்கியவர்கள். ஜானகிராமனின் உரையாடலைப் பற்றி ஆய்வேடுகள் குவிகின்றன; தஞ்சாவூர் மண், சங்கீத ஞானம் எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பல ஆண்டுகள் கேட்பவருக்கான படிகளோடு புழங்கியதற்கும் அந்த உரையாடலுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும் ஓர் ஆய்வேடும் நம் கண்ணில் படவில்லை. உண்டு என்று அடித்துச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. கேள்வியே எழவில்லை என்பதுதான் குறை. நம் இலக்கிய வரலாறு இதழ்களால் காலம் பிரிக்கிறது: மணிக்கொடிக் காலம், எழுத்துக் காலம். ஒரு நூற்றாண்டில் பாதியைத் தமிழன் வானொலி கேட்டுக் கழித்திருக்கிறான்; அதற்கு ஒரு பத்தி கிடையாது. அச்சில் இல்லாததை நம் துறை இலக்கியமாகக் கருதுவதில்லை. செவிநுகர் கனிகள் என்றெல்லாம் பேசுகிற நாம்தாம் இப்படி.

1991 மே 22ஆம் நாள் நினைவுக்கு வருகிறது. முந்தைய இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலையின் மறுமுனைதான் ஸ்ரீபெரும்புதூர். கடைகள் மூடிக் கிடந்தன, ஆளுக்கொரு வதந்தி. அன்றிரவு திண்ணையில் மூவருக்குப் பதில் முப்பது பேர். பக்கத்து ஊரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குக் காது கொடுத்தோம். அன்று ஒலி ஏறி இறங்கியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசித்தவர் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக, யார் சொன்னது என்பதை முன்னால் வைத்துச் சொன்னதாக நினைவு. அல்லது இவ்வளவும் படித்த பிறகு நம் நினைவு அப்படித் திருத்திக்கொண்டதோ என்னவோ.

சோ. சிவபாதசுந்தரம் 2000 நவம்பரில் மறைந்தார். அவர் பெயரிட்ட தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாள் நின்றது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெட்டி மட்டும் பரணில் இருக்கிறது. 'ஒலிபரப்புக் கலை'யைத் தமிழ்த் தட்டுக்கு மாற்றச் சொல்லி நூலகருக்கு எழுதிக் கொடுத்தோம். முன்னெழுத்தையும் 'சு' அல்ல, 'சோ' என்று திருத்தச் சொல்லியிருக்கிறோம். இப்போதைக்கு அந்நூல் எந்தத் தட்டிலும் இல்லை. பின்வரிசை மாணவியிடம் இருக்கிறது.