மருந்து தேடிச் சென்ற வழிகள்

நோயுற்றவன் ஊர்விட்டு ஊர் சென்று மருந்து தேடுவது புதிய வழக்கமன்று. வாத நோயால் வருந்திய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, 16-ஆம் நூற்றாண்டில் குருவாயூரை அடைந்து, அங்கே தங்கி நாராயணீயத்தை இயற்றினார். புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன் கோயிலுக்கு நோய் தீர வேண்டிச் செல்வோர் இன்றும் பலர். இவை உள்நாட்டு யாத்திரைகள். கடல் கடந்து மருத்துவம் தேடும் யாத்திரையோ நம் காலத்தில் பெருகியிருக்கிறது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோமானால், இன்று ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டுப் பிறநாடுகளுக்குப் புறப்படத் துணியும் குடும்பங்களுக்கு அது ஓரளவு வழிகாட்டக் கூடும்.

பழங்காலத்தில் நோயாளி மருந்தை நாடிச் சென்றதைவிட, மருந்து நோயாளியை நாடி வந்ததே சிறப்பாகப் பேசப்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டை நோக்குக. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்படும் இலங்கையிலும், யவன மன்னன் அந்தியோகனின் நாட்டிலும் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை மருத்துவமும் ஏற்படுத்தப்பட்டதாக அது கூறுகின்றது. மருந்துச் செடிகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவை வருவிக்கப்பட்டு நடப்பட்டன என்றும் அதில் காண்கிறோம். எல்லை கடந்த மருத்துவத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. இதில் பயணம் செய்தது நோயாளியன்று, மருந்து.

அடுத்த காட்சி கொச்சியிலேயே அமைகின்றது. 1663-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். பின்னர் மலபாரில் டச்சு அதிகாரியாக விளங்கிய வான் ரீட் என்பார், இந்நாட்டுச் செடிகொடிகளின் மருத்துவப் பயன்களைத் தொகுக்க முற்பட்டார். அவருக்குத் துணை நின்றவர்களுள் தலையாயவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் உடனுழைத்தனர். இவர்கள் உழைப்பின் பயனாக 'ஹோர்த்தூஸ் மலபாரிகஸ்' என்னும் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இங்கே பயணம் செய்தது அறிவு. பரம்பரையாகக் காத்துவந்த ஓலைச்சுவடி அறிவைக் குடும்பத்தோடு மறையவிடாமல் எடுத்துரைத்த இட்டி அச்சுதனின் பெருமை, அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த பேராசிரியர் மணிலாலின் அரிய முயற்சியால் 2003-இல் மீண்டும் உலகுக்குத் தெரிந்தது.

அதே கொச்சிக் கரைக்கு மற்றொரு பெயரும் உண்டு. அது பெருமை தருவதன்று. யானைக்கால் நோயைக் 'கொச்சிக் கால்' என்றே ஐரோப்பியர் குறிப்பிட்டனர். மட்டாஞ்சேரி தொடங்கிப் பள்ளுருத்தி வழியாகச் சேர்த்தலை வரை நீளும் உவர்நிலமும் தேங்கிய நீரும் கொசுக்களுக்கு உகந்த இடமாயின. யானைக்கால் நோயின் புழுவைக் கொசு சுமக்கின்றது என்பதைச் சீனத் துறைமுகமான அமோயில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் 1877-இல் கண்டறிந்தார். சேர்த்தலைப் பகுதியில் கொசுவின் இளம்புழு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சுக்காற்றைப் பெறுகின்றது. செடியை அகற்றினால் கொசு இல்லை. கொசு இல்லையேல் நோய் பரவ வழியில்லை. புதுச்சேரியில் 1975-இல் தோன்றிய கொசு ஆராய்ச்சி நிலையத்தார், 1980-களில் சேர்த்தலை மக்களைக் கொண்டே குளங்களில் செடிகளை வாரி எடுக்கச் செய்து, அங்கே மீன் வளர்ப்பையும் ஊக்கினர். வீங்கிய காலோடு எந்த நாட்டுக்குக் கப்பலேறினாலும் கிடைக்காத பரிகாரம், வீட்டுக் கொல்லைக் குளத்திலேயே இருந்தது. எல்லா நோய்க்கும் மருந்து தொலைவில்தான் உள்ளது என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

ஆயினும் தொலைவில் சென்றே பெறவேண்டிய சிகிச்சைகள் இருந்தன என்பதும் உண்மை. தமிழ் மக்கள் அனைவரும் மூச்சடக்கிக் காத்திருந்த இரு பயணங்களை ஈண்டுக் குறிப்பிடலாம். முதலாவது, முதலமைச்சர் அறிஞர் அண்ணாவின் பயணம். 1968-ஆம் ஆண்டின் முற்பகுதியில் யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்காவுக்கு விருந்தினராகச் சென்ற அவர், அவ்வாண்டு செப்டம்பரில் புற்றுநோயாளியாக நியூயார்க் நகருக்கு மீண்டும் செல்ல நேர்ந்தது. அறுவைச் சிகிச்சை பெற்று நவம்பரில் திரும்பினார். ஆனால் நோய் விடவில்லை. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அவர் காலமானார்.

அந்த அடையாறு நிலையத்தின் கதை நம் பொருளுக்கு மிகவும் வேண்டற்பாலது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை அவர் ஒரு நிலையமாக மாற்றினார். 1954-இல் 12 படுக்கைகளோடு அது தொடங்கப்பெற்றது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும் வரை அதன் உயிராக விளங்கினார். அமெரிக்காவுக்குச் செல்ல முதலமைச்சர்க்கு இயன்றது, பிறர்க்கு இயலுமோ? அவர்கள் அடையாறுக்கு வந்தனர், இன்றும் வருகின்றனர்.

இரண்டாவது, முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் பயணம். 1984 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவருக்கு அங்கே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெற்றது. மருத்துவமனையில் இருந்தவாறே ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்று, 1985 பிப்ரவரியில் தாயகம் திரும்பினார். அச்சிகிச்சை இந்தியாவில் அறியப்படாதது அன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே அது வெற்றியுடன் செய்யப்பட்டிருந்தது.

இதன் பின்னர்ப் பயணத்தின் திசை மாறிற்று. பிறநாட்டார் சிறுநீரகம் வேண்டிச் சென்னைக்கு வந்தனர். வில்லிவாக்கத்தின் ஏழை மக்கள் கடன் தீர்க்கும் பொருட்டுத் தம் உறுப்பை விற்க, அவ்வூருக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற இழிபெயர் சூட்டப்பட்டது. உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் 1994-இல்தான் இயற்றப்பட்டது. சிகிச்சை முன்னே ஓட, சட்டம் பின்னே நடந்து வந்த அந்த இடைக்காலத்தில் ஏழையின் உடலே கடைச்சரக்காயிற்று. ஸ்டெம் செல் விஷயத்திலும் இத்தகைய இடைக்காலம் ஒன்று தோன்றியது.

ஸ்டெம் செல் என்பது யாது? தன்னைப் போன்ற அணுக்களையும், வேறுவகை அணுக்களையும் தோற்றுவிக்கவல்ல மூல அணு அது. தமிழில் குருத்தணு என்பர். எலும்பு மஜ்ஜையில் உறையும் குருத்தணுவே நம் இரத்தத்தை ஓயாமல் புதுப்பிக்கின்றது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை 1957-இல் தொடங்கிப் பல தோல்விகளுக்கிடையே வளர்த்த அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை 1983-லும், வேலூர் 1986-லும் இதனைத் தொடங்கின. இரத்தப் புற்றுநோய், தலசீமியா முதலியவற்றுக்கு இது ஐயமற்ற சிகிச்சை. உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு உண்டு. ஆதலின் அயலார் மஜ்ஜையைத் தேட வேண்டியுள்ளது. அதற்கென 2009-இல் சென்னையில் 'தாத்ரி' என்னும் கொடையாளர் பதிவகம் தோன்றிற்று. கருவிழியின் ஓரத்திலுள்ள குருத்தணுக்களை வளர்த்துப் பார்வை மீட்கும் முறையை ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிலையம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கையாள்கின்றது. இவை மெய்.

இம்மெய்யின் நிழலில் ஒரு பெரு வாணிகம் வளர்ந்தது. 1998-இல் மனிதக் கருவின் குருத்தணு தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 2006-இல் ஜப்பானிய அறிஞர் யமனாகா முதிர்ந்த அணுவையே குருத்தணுவாக்கிக் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் எழுந்த இந்த நம்பிக்கையை, மெய்ப்பிக்கப்பட்ட மருந்தாகவே விளம்பரம் செய்து, முதுகுத்தண்டு முறிவு, தசை நலிவு, ஆட்டிசம், பக்கவாதம் அனைத்துக்கும் ஊசி உண்டு என்று கூறும் நிலையங்கள் பல நாடுகளில் எழுந்தன. நம் நாடும் இதற்கு விலக்கன்று. தில்லிக்கும் பிறநாட்டு நோயாளிகள் வந்தனர். விளைவுகள் சில மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிய நரம்பு நோயுற்ற இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனுக்கு 2001 முதல் மாஸ்கோவில் கருவின் நரம்பணுக்கள் செலுத்தப்பட்டன. பின்னர் அவன் மூளையில் கட்டி காணப்பட்டது. அக்கட்டியின் அணுக்கள் அவனுடையவை அல்ல, செலுத்தப்பட்டவையே என்று 2009-இல் அறிஞர் எழுதினர். அமெரிக்காவின் புளோரிடாவில் 2015-இல் கண்ணில் ஊசி பெற்ற முதிய மாதர் மூவர் பார்வையை இழந்தனர். ஜெர்மனியில் ஒரு குழந்தை இறந்ததன் பின்னர், அந்நாட்டின் பெரிய நிலையம் ஒன்று 2011-இல் மூடப்பட்டது.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது தொடர்பான ஓர் அனுபவம் உண்டு. பள்ளுருத்தியில் எங்கள் தெருவில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், தசை நலிவுற்ற தம் மகனுக்காக ஒரு வெளிநாட்டு நிலையத்திலிருந்து வந்த கடிதத்தைக் கொணர்ந்து, தமிழில் சொல்லுமாறு வேண்டினர். "சார், குணமாகும் என்று எழுதியிருக்கிறதா?" என்பதே தந்தையாரின் ஒரே கேள்வி. கடிதம் முழுவதையும் வரி வரியாகப் பெயர்த்தேன். நோயைப் பற்றிய வாக்கியங்கள் எல்லாம் 'கூடும்', 'இயலலாம்' என்றே முடிந்தன. பணத்தைப் பற்றிய வாக்கியங்கள் மட்டும் 'வேண்டும்' என்று முடிந்தன. பயன் விளையாவிடில் தொகை திருப்பித் தரப்படமாட்டாது என்னும் வாக்கியத்தில் ஐயத்திற்கே இடமில்லை. பெயர்ப்பைக் கேட்ட தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அதனை எடுத்துச் சென்று, மகனை நெடுநாளாகப் பார்த்துவரும் மருத்துவரிடம் காட்டினர், பயணத்தைக் கைவிட்டனர். சிறுவன் குணமடைந்தான் என்று கூற வழியில்லை. ஆனால் விலை பேசப்பட்டிருந்த வீடு அவர்களிடமே உள்ளது. உடற்பயிற்சிச் சிகிச்சையும் பள்ளிப்படிப்பும் தடையின்றி நடைபெறுகின்றன.

அக்குடும்பத்தாரை அறியாமையுடையோர் என்று கூறுதல் தகாது. மருந்தில்லை என்ற சொல்லைக் கேட்ட பெற்றோர்க்கு 'கூடும்' என்ற சொல்லே 'ஆகும்' என்று ஒலிக்கும். அவ்வொலியை அறிந்து விலை வைப்பவனே பழிக்கத்தக்கவன்.

எனவே மெய்ப்பயணத்தையும் பொய்ப்பயணத்தையும் பிரித்தறிவது எவ்வாறு? நாம் பார்த்த வரலாறே அளவுகோல் தருகின்றது. அசோகன் அனுப்பிய செடி சென்ற மண்ணில் வேரூன்றிற்று. இட்டி அச்சுதனின் அறிவு எவரும் சோதித்தறியுமாறு அச்சேறிற்று. சிறுநீரக மாற்றும் மஜ்ஜை மாற்றும் அயல்நாட்டில் தோன்றினும், வேலூரிலும் சென்னையிலும் பயின்று செய்யத்தக்கனவாயின. மெய்யான மருத்துவம் தன் கணக்கை மறைப்பதில்லை. எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்பதைப் பிறர் அறியக் கூறும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிடைக்கும், வேறெவர்க்கும் கற்பிக்கப்படாத, கணக்கு வெளியிடப்படாத சிகிச்சை, எத்துணைப் பெரிய நகரில் இருப்பினும் ஐயத்திற்குரியதே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிகளும் இவ்வாறே கூறுகின்றன. இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று நீங்கலாக, ஏனையவை முறையான ஆராய்ச்சியாகவே நடைபெறல் வேண்டும். அதற்கு உடன்படுவோரிடம் கட்டணம் பெறலாகாது. நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு 2007 முதல் பொதுப் பதிவேடு உண்டு. ஆதலின் வீட்டை விற்கு முன் மூன்று வினாக்களை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுக. இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சியாயின் எங்கே பதிவாகியுள்ளது, பணம் கேட்பது ஏன்? ஊர் திரும்பிய பின் தீங்கு நேரின், பார்ப்பவர் யார்?

கொச்சியிலிருந்து இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் செல்வோரும், பிறநாடுகளிலிருந்து கொச்சிக்கே சிகிச்சைக்கு வருவோரும் இன்று பலர். 2015-இல் இந்தியாவின் முதல் இரு கை மாற்றுச் சிகிச்சை நடைபெற்றதும் இக்கொச்சியில்தான். மருத்துவம் தேடிப் பயணம் செய்தல் தவறன்று. புறப்படுமுன் கேட்க வேண்டியதைக் கேட்டு, விடை வந்த பின்னரே பெட்டியைக் கட்டுதல் நலம்.