ஒரு ஷில்லிங் தவணை, அரை மணி நேர எபிசோட்

'ப்ளீக் ஹவுஸ்' நாவலை ரெண்டு தடவை ஆரம்பிச்சு பாதியிலயே விட்டவன் நான். 2005-ல் பிபிசி எடுத்த தொடரைப் பார்த்த பிறகுதான் என் தப்பு புரிஞ்சது. அதை ஒரே மூச்சுல படிக்கக் கூடாது, மக்களே.

டிக்கன்ஸ் அப்படி எழுதவும் இல்லை. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாசம் ஒரு தவணை, விலை ஒரு ஷில்லிங். டிசம்பர் தவணையின் கடைசியில் குரூக் என்ற கிழவர் தானாகவே தீப்பற்றிச் சாம்பலாகிறார். அடுத்து என்னன்னு தெரிய ஒரு மாசம் காத்திருக்கணும்!

ஆண்ட்ரூ டேவிஸ் இதைப் பிடிச்சுக்கிட்டார். மொத்தம் 15 எபிசோட். முதலாவது மட்டும் ஒரு மணி நேரம், மத்ததெல்லாம் அரை மணி. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' சீரியல் முடிஞ்ச கையோட ஒளிபரப்பு. சீரியல் நேரத்துல டிக்கன்ஸான்னு கேட்கலாம். அவர் பிறந்த வீடே அதுதானே?

ஆனா ஒண்ணு தொலைஞ்சது. நாவலில் ரெண்டு குரல். ஒண்ணு எஸ்தர் சொல்வது. இன்னொண்ணு பெயரில்லாத, நிகழ்காலத்தில் பேசுற, சான்சரி கோர்ட் மேல கொதிக்கிற குரல். 20 வருஷமா நடந்து 70,000 பவுண்ட் செலவு வச்ச நிஜ வழக்கையே முன்னுரையில் சாட்சிக்கு இழுக்கிறார் டிக்கன்ஸ். கதையிலும் சொத்து முழுக்க வழக்குச் செலவிலேயே கரையுது, தீர்ப்பே வரலை. தொடரில் இதெல்லாம் இருக்கு. அந்தக் குரல் இல்லை. ரிச்சர்ட் சாகும்போது டிவி முன்னாடி அழுதேன். புத்தகத்தில் அதே இடத்தில் கோபம்தான் வந்தது.