சமூகவியலும் பம்பாய்த் தமிழரும்

ஊரை விட்டு வந்தவர் எவரைக் கேட்டாலும், தாம் வந்த கதையைத் தம் விதியாகவே சொல்வார். மழை பொய்த்தது, நிலம் கைமாறியது, மாமன் ஒருவர் பம்பாயில் இருந்தார், அவர் வரச் சொன்னார், வந்தோம் என்பார். ஆனால் இதே கதையைத் தாராவியில் நூறு பேரும், மாதுங்காவில் நூறு பேரும், அம்பர்நாத்தில் நூறு பேரும் சொல்வார்களாயின், அது தனி மனிதரின் விதியாக நின்றுவிடுவதில்லை. ஒரு சமூகத்தின் வரலாறாகிறது. அவ்வரலாற்றை முறைப்படி ஆராயும் துறையே சமூகவியல். இத்துறை இந்தியாவில் வேரூன்றிய நகரங்களுள் பம்பாய் தலையாயது. அதன் தொடக்கக் காலத்தில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரை 1830-களின் இறுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒகுஸ்த் கோந்த் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவருக்குப் பின் மூவர் கருத்துகள் இதற்குத் தூண்களாயின. உடைமை யாருடையது, உழைப்பு யாருடையது என்று கேட்டார் கார்ல் மார்க்ஸ். மனிதரைப் பிணைத்து நிறுத்தும் பற்று எது என்று கேட்டார் எமில் துர்கைம். 1897-இல் வெளிவந்த நூலில், தற்கொலை போன்ற தனிமனிதச் செயலும் சமூகப் பிணைப்பின் வலிமையைப் பொறுத்து மிகும் அல்லது குறையும் என்று புள்ளிவிவரம் கொண்டு அவர் வாதிட்டார். செல்வம், மதிப்பு, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. அவை வெவ்வேறு கைகளில் இருக்கக்கூடும் என்றார் மாக்ஸ் வெபர். தாராவியின் தோல் பதனிடும் கூடத்தை மார்க்ஸின் கேள்வியோடும், நம் சங்கங்களையும் பஜனை மன்றங்களையும் துர்கைமின் கேள்வியோடும், படிப்பை முதலாகக் கொண்டு வந்த மாதுங்கா எழுத்தரின் வாழ்வை வெபரின் கேள்வியோடும் நோக்கினால், இம்மூவரும் நமக்கு அந்நியர் அல்லர் என்பது விளங்கும்.

இனி, இத்துறை இங்கு வந்த வரலாற்றைக் காண்போம். பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. சென்னையின் மீது குண்டு வீசிய அதே எம்டன்தான். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. மதுரை முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். முதலில் ஆய்வு, பிறகே திட்டம் என்பது அவர் கொள்கை. நெருக்கமான தெருக்களை அடியோடு இடிப்பதைக் காட்டிலும், வேண்டிய இடத்தில் மட்டும் சிறிதளவு நீக்கி, மக்களை அவ்விடத்திலேயே வாழவிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் துறை தோன்றியபோது அதன் முதற் பேராசிரியராக அமர்ந்தவர் இவரே. தாராவியைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இவர் கொள்கையை நினைவுகூர்வது தகும்.

அதே ஆண்டுகளில் தமிழகத்தில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரிடம் ஒரு வினாப் பட்டியலைத் தந்து, விடுமுறையில் அவரவர் ஊரைப் பற்றி எழுதி வரச் செய்தார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. அவ்வாய்வுகள் 1918-இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிச் சீமைக் கங்கைகொண்டான் ஆகியவை அவ்வூர்களுள் சில. 1930-களில் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர்; 1980-களில் மற்றுமொரு முறை ஆராய்ந்தனர். இருவேல்பட்டுக்கோ 2008-இலும் ஆய்வாளர் சென்றனர். இவ்வளவு நீண்ட காலத்தில் மீண்டும் மீண்டும் நோக்கப்பட்ட ஊர்கள் உலகிலேயே மிகச் சில. தாராவித் தமிழரில் பலருடைய பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

பம்பாயில் 1924-இல் கெடிஸுக்குப் பின் பொறுப்பேற்றவர் கோவிந்த் சதாசிவ் குர்யே. சாதியைப் பற்றிய அவருடைய நூல் 1932-இல் வெளிவந்தது. அவரிடம் பயின்ற மைசூர் நாட்டு எம். என். ஸ்ரீநிவாஸ், நூலகத்தை விட்டு வயலுக்குச் செல்ல வேண்டும் என்னும் முறையைப் பரப்பினார். 1948-இல் ராம்புரா என்று தாம் பெயரிட்ட கர்நாடகச் சிற்றூரில் தங்கி, மக்களோடு மக்களாக வாழ்ந்து குறிப்பெடுத்தார். இதனை உடனிருந்து நோக்கும் முறை என்பர். 1970-இல் அமெரிக்காவில் அவர் பணியாற்றிய கட்டடத்துக்குச் சிலர் தீ வைத்தபோது, பல ஆண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்தன. அவர் மனம் தளராது, நினைவிலிருந்தே அவ்வூரை எழுதி 1976-இல் நூலாக்கினார்.

தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 1961, 1962 ஆம் ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்தார் ஆந்த்ரே பெத்தேய். ஊராருக்கு இன்னல் நேராதிருக்க அவ்வூருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டார். முன்பு நிலமும் சாதி உயர்வும் அதிகாரமும் ஒரே சாராரிடம் குவிந்திருந்தன என்றும், பின்னர் அவை தனித்தனியே பிரியலாயின என்றும் அவர் காட்டினார். நிலத்தை விட்டு நகரங்களில் உத்தியோகம் தேடிச் சென்றவர்களும் அம்மாற்றத்தில் ஓர் அங்கம். மாதுங்காவில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றின் முன்கதை இத்தகைய ஊர்களில்தான் தொடங்குகிறது.

பெயர்ந்து சென்றவரைப் புரிந்துகொள்ள இரு முனைகளையும் பார்க்க வேண்டும் என்பதை முதலில் விரிவாக நிலைநாட்டியவர்கள் தாமஸ், ஸ்னானியெத்ஸ்கி என்னும் இருவர். போலந்து நாட்டு உழவர் அமெரிக்காவில் குடியேறியதைப் பற்றி அவர்கள் எழுதிய ஐந்து தொகுதிகள் 1918 முதல் 1920 வரை வெளிவந்தன. குடியேறியவரும் ஊரில் தங்கியவரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களே அந்நூலின் முதன்மையான சான்றுகள். அவற்றைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, விலை கொடுத்தும் பெற்றனர்.

நல்ல ஆய்வு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குப் பம்பாயே சான்று. 1960-களில் 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழ், நிறுவனங்களில் உயர்பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. தொலைபேசிப் பெயர்ப்பட்டியலும் அதற்கு உதவியது. 1966-இல் சிவசேனை தோன்றிய சூழல் இதுவே. வேலை கிட்டாத மராத்திய இளைஞரின் மனக்குறை பொய்யன்று; அதுவும் ஆராயத் தக்கதே. ஆயினும் பெயர்களின் பட்டியல் ஆய்வாகிவிடாது. தொலைபேசி வைத்திருந்தவர் மட்டுமே அப்பட்டியலில் இருந்தனர். தாராவியில் தோல் பதனிட்ட தொழிலாளி அதில் இல்லை. 1936-இல் அமெரிக்க இதழொன்று, பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களைக் கொண்டு, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, குடியரசுத் தலைவர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தது. அவரோ பெருவெற்றி பெற்றார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட, யாரைக் கேட்டோம், யார் விடை தந்தனர் என்பதே முக்கியம்.

இந்த அளவுகோல் பிறருக்கு மட்டும் உரியதன்று. பம்பாய்த் தமிழர் யாவரும் ஒன்று என்று நாமும் மேடைகளில் பேசுகிறோம். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையில் நடந்தே போகும் தொலைவுதான். ஆனால் தொழிலும் சாதியும் பள்ளியும் அவ்விரு தமிழரை எவ்வளவு தொலைவில் வைத்திருந்தன! தாராவியின் ஆதிதிராவிடர் அரசியலில் எவ்வாறு அணிதிரண்டனர் என்று ஓவன் லிஞ்ச் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார். கடல் கடந்து வந்த ஒருவர் கேட்ட கேள்விகளை, அருகில் இருந்த நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்?

அம்பர்நாத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சிவாலயக் கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060-ஐக் குறிக்கிறது. அக்கோயிலைப் பற்றி அறிய அந்தக் கல்வெட்டு உதவுகிறது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையும் படைக்கலத் தொழிற்சாலையும் எழுந்தன. ரயில் பாதையைப் பற்றிக்கொண்டு குடும்பங்கள் வந்தன. அக்குடும்பங்களைப் பற்றி நாளை அறிய விரும்புவோர்க்குக் கல்வெட்டு ஏது? பழைய கடிதங்கள், மணியார்டர் ரசீதுகள், சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவையே நமக்குக் கல்வெட்டுகள். வீடு மாறும்போது அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

ஸ்லேட்டரின் மாணவர் செய்ததை ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் செய்யலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வினாப் பட்டியலைத் தரலாம். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் அழைத்தார், முதற் கூலி எவ்வளவு, முதலில் எங்கே தங்கினீர்கள் என்று முதியோரைக் கேட்டு எழுதச் செய்யலாம். விரும்பியவரை மட்டும் கேளாது, தெருவில் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பெண்களைத் தனியே கேட்க வேண்டும். ஏனெனில் குடும்பம் வந்த கதையை ஆண்கள் சொல்வதும் பெண்கள் சொல்வதும் பல வேளைகளில் வேறுபடும். சொன்னவர் விரும்பாவிடில் அவர் பெயரை வெளியிடலாகாது. முதல் தலைமுறையினர் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்போர் பேசும் வலிமையுடன் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்கிவிட வேண்டும்.