விடுதி வாயிலில் ஒரு பலகை

மதுவிடுதியின் வரலாறு நமக்கேன்? குடியைக் கண்டிக்கும் ஏட்டில் குடிக்கும் இடத்துக்கு என்ன வேலை? தோழர்கள் கேட்கக்கூடும், கேட்கத்தான் வேண்டும். ஆனால், நான் கூற வந்தது கோப்பையில் ஊற்றியதைப் பற்றியன்று. அக்கோப்பை எவருக்குத் தரப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்பதைப் பற்றி.

ஆங்கில நாட்டுச் சிற்றூரில் ஊரார் கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று மாதாகோயில், மற்றொன்று மதுவிடுதி. முன்னதில் செல்வர்க்கு முன்வரிசை. பின்னதில் உழவனுக்கும் ஓர் இருக்கை உண்டு. இரு நீதிபதிகளின் இசைவின்றி எவரும் மதுக்கடை நடத்தலாகாது என்று 1552-இல் சட்டம் செய்தனர். 1830-இல், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டிப் பீர் விற்கும் உரிமம் பெறலாம் என்றாயிற்று. பின்னர், பீர் காய்ச்சும் பெருமுதலாளிகள் விடுதிகளை வாங்கிக் குவித்தனர். விடுதிக்காரர் பலர் வெறும் வாடகைதாரர் ஆயினர். எந்தப் பீரை விற்பது என்பது முதலாளியின் விருப்பம். எவருக்கு விற்பது என்பது மட்டும் அவர் கையில் எஞ்சியது. வழிப்போக்கனுக்கு இடம் மறுக்கச் சத்திரக்காரனுக்கு உரிமையில்லை என்பது அந்நாட்டுப் பழஞ்சட்டம். ஆனால் குடிக்க வந்தவனை, "வெளியே போ" என்று சொல்ல மதுவிடுதிக்காரருக்கு உரிமை இருந்தது. காரணங்கூடக் காட்ட வேண்டியதில்லை!

அந்த உரிமையை மூவர் எப்படிக் கையாண்டனர் என்பதைக் கேளுங்கள்.

லங்காஷயரில் பிரெஸ்டன் நகருக்கருகே பாம்பர் பிரிட்ஜ் என்றோர் ஊர். பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அங்கே கூரை வேய்ந்த பழைய விடுதி ஒன்று, ஹாப் இன் என்று பெயர். 1943-இல் அமெரிக்கப் படையின் லாரிப் பிரிவொன்று அவ்வூரில் தங்கியிருந்தது. லாரி ஓட்டியோர் கறுப்பினத்தவர். அதிகாரிகளோ ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். ஹிட்லரின் இனவெறியை வீழ்த்தக் கடல் கடந்து வந்த படை அது. அதனுள்ளேயே இரண்டு பந்தி! விடுதிகளிலும் நிறத்தடை வேண்டுமென்று படைத்தலைவர்கள் கேட்டனராம். விடுதிக்காரர் மூவரும் பலகை தொங்கவிட்டனர்: "கறுப்புப் படையினர் மட்டும்." அவ்வூரார் இன்றும் பெருமையோடு கூறும் செய்தி இது. கேட்ட தடை கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே நின்றவர் எவர்?

1943 ஜூன் 24 இரவு. ஹாப் இன்னில் கறுப்பினப் படையினர் ஊராரோடு அமர்ந்திருந்தனர். சீருடை முறையாக இல்லையென்று அவர்களுள் ஒருவரைக் கைது செய்ய வெள்ளையரான படைக்காவலர் இருவர் நுழைந்தனர். ஊரார் எவர் பக்கம் நின்றனர்? தம் நிறத்தார் பக்கமன்று, கறுப்பினத்தார் பக்கம்! காவலர் திரும்பிச் சென்று துணை சேர்த்து வந்தனர். தெருவில் மோதல் மூண்டது, துப்பாக்கி வெடித்தது. வில்லியம் கிராஸ்லண்ட் என்ற கறுப்பின வீரர் மாண்டார். பின்னர்ப் படை நீதிமன்றங்கள், கலகம் முதலிய குற்றங்களுக்காக 30-க்கு மேற்பட்ட கறுப்பினப் படையினரைத் தண்டித்தன. வெள்ளை அதிகாரிகள்மீதும் காவலர்மீதுமே பெரும் பழி என்று தளபதி ஈக்கர் கண்டதும், தண்டனைகள் பின்னர்க் குறைக்கப்பட்டதும் உண்மை. மாண்டவர் மீளவில்லை.

ஆங்கிலேயர் அனைவரும் அம்மூவரைப் போன்றவர் என எண்ணிவிட வேண்டாம். அடுத்த மாதமே, கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனுக்கு லண்டன் ஓட்டல் ஒன்று இடம் மறுத்தது. 1944-இல் நீதிமன்றம் அவருக்கு ஐந்து கினி இழப்பீடு அளித்தது. அது தங்கும் விடுதியாதலால் பழஞ்சட்டம் துணை நின்றது. மதுவிடுதியில் அத்துணையும் இல்லை. 1964-இல் பிரிஸ்டலில் பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர், அரைக் கோப்பை பீர் தராத விடுதியை விட்டு வெளியேற மறுத்ததற்காக வழக்கைச் சந்தித்தார், வென்றார். ஸ்மெதிக் ஊரில் பஞ்சாபித் தொழிலாளருக்குத் தனியறை ஒதுக்கிய விடுதிகள் இருந்தன. நம் நாட்டுத் தேநீர்க்கடைகளின் தனிக்குவளைக்கு அது உடன்பிறப்பன்றோ! இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அதை எதிர்த்துப் போராடினர். 1965 பிப்ரவரியில் அங்கு வந்த மால்கம் எக்ஸுக்கும் அதே மறுப்புத்தான்.

அவ்வாண்டே இனஉறவுச் சட்டம் நிறைவேறியது. நிறம் பார்த்து வெளியேற்றும் உரிமை விடுதிக்காரர் கையைவிட்டுப் போயிற்று. பின்னாளில் ஸ்மெதிக் வட்டாரத்து விடுதிகள் பலவற்றைப் பஞ்சாபியரே நடத்தலாயினர்.

பாம்பர் பிரிட்ஜில், ஹாப் இன்னுக்கு எதிரே, 2022-இல் நினைவுத் தோட்டம் ஒன்று அமைத்தனர்.