குண்டை யார் தூக்குவது?

விண்வெளிப் போர்க்கதை எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் துப்பாக்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" அடுத்தது, "சுட்ட பிறகு அந்தச் சூடு எங்கே போகிறது?" கதை எழுதும் இந்தத் தொழிலில் எனக்கு முன்னே போனவர்களைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட கேள்விகள் இவை.

எச். ஜி. வெல்ஸைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தவர். 1898-இல் நூலாக வந்த ‘உலகங்களின் போர்’ நாவலில் செவ்வாய்க்காரர்கள் வெப்பக் கதிரால் ஆட்களைப் பொசுக்குகிறார்கள். கலங்கரை விளக்கத்தின் குழியாடி ஒளியை வீசுவதுபோல இவர்கள் வெப்பத்தை வீசுகிறார்கள் என்று கதைசொல்லி ஊகிக்கிறான். முதல் லேசர் வர 1960 ஆயிற்று. ஆனால் கலங்கரை விளக்கம் அன்றைய வாசகனுக்குத் தெரிந்த பொருள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் கதைக்குள் வந்துவிட்டான். 1903-இல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில், பதுங்குகுழிகளைத் தாண்டி ஊர்ந்து வரும் இரும்புக் கோட்டைகளை எழுதினார். அவற்றுக்கு டிப்ளாக் என்ற பொறியாளர் உருவாக்கிய பாதச் சக்கரத்தைப் பொருத்தினார். சோம் போர்முனையில் டாங்கிகள் இறங்கியது 1916 செப்டம்பரில்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய அணுகுண்டு. வேதியியலாளர் பிரெடெரிக் சாடி ரேடியத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்துவிட்டு எழுதிய நாவல் அது, 1914-இல் வந்தது; அந்த நூலுக்கே காணிக்கையும் ஆக்கினார். கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய ஒரு குறிப்பிட்ட காலம் பிடிக்கும் என்பது அன்றைய ஆய்வுக்கூட அறிவு. ஆகவே வெல்ஸின் குண்டு நொடியில் வெடித்து முடிவதில்லை. 17 நாளுக்கு ஒருமுறை வீரியம் பாதியாகிக்கொண்டே, விழுந்த இடத்தில் கனன்று கிடக்கும். இரண்டடி விட்டமுள்ள கறுப்பு உருண்டை, தூக்குவதற்குக் கைப்பிடிகள். விமானத்தில் இருப்பவன் ஒரு செல்லுலாய்டு குமிழைப் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டு, உருண்டையைத் தூக்கி வெளியே போட வேண்டும். அந்தப் பல்லால் கடிக்கும் இடத்தில்தான் நான் குண்டை நம்பினேன். இயற்பியலாளர் லியோ சிலார்ட் இந்த நாவலை 1932-இல் படித்தார். மறு ஆண்டு லண்டனில் அணுக்கருத் தொடர்வினை என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

அடுத்து, ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல். இயற்பியல் பட்டதாரி. எழுத்தாளர்களைக் கடிதம் எழுதியே வேலை வாங்குவார். கிளீவ் கார்ட்மில்லுக்கு யுரேனியம்-235 குண்டைப் பற்றி விவரம் சொல்லி எழுதவைத்த ‘டெட்லைன்’ கதை 1944 மார்ச் இதழில் வந்தது. அமெரிக்கா அணுகுண்டு செய்யும் மன்ஹாட்டன் திட்டம் படு ரகசியமாக நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவப் புலனாய்வாளர்கள் தேடி வந்துவிட்டார்கள். எல்லாம் அச்சில் வந்த ஆய்வுகளிலிருந்து எடுத்ததுதான் என்றார் கேம்ப்பெல். உண்மையும் அதுதான்; யுரேனியம்-235-ஐப் பிரித்தெடுத்த செய்தி 1940-இலேயே வெளியாகியிருந்தது. கதையாக அது சுமார்தான். ஆனால் அதில் ஒரு பயம் இருக்கிறது: வெடித்தால் வினை நிற்காமல் கிரகம் முழுக்கப் பரவிவிட்டால்? கார்ட்மில் அறியாத அந்த ரகசியத் திட்டத்தில், காற்றுமண்டலமே பற்றிக்கொள்ளுமா என்று விஞ்ஞானிகளும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஆயுதத்தை ஏந்துபவனே அதற்கு அஞ்சும்போதுதான் அதன் கனம் எனக்குத் தெரிகிறது.

பிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் ‘டூன்’ நாவலில் இந்த அச்சத்தை ஒரு சமுதாயத்தின் வழக்கமாகவே ஆக்கினார். நட்சத்திரங்களுக்கு இடையே பயணம் செய்கிறவர்கள் ஏன் கத்தியால் குத்திக்கொள்கிறார்கள்? உடலைச் சுற்றிய காப்புப் புலம் வேகமாக வரும் எதையும் தடுத்துவிடும். மெதுவாக நுழையும் கத்தியைத் தடுக்காது. லேசர் கதிர் காப்பின்மேல் பட்டால் சுட்டவனும் சேர்ந்து சாகும் அளவுக்கு வெடிக்கலாம். கதை நடக்கும் பாலைவனத்திலோ அந்தக் காப்பையே போட முடியாது. அதன் அதிர்வு அங்குள்ள ராட்சத மணற்புழுக்களை வெறியேற்றி இழுத்து வந்துவிடும். அதனால் அங்குள்ள பிரெமன் மக்கள் காப்பில்லாமலே சண்டை பழகுகிறார்கள், அந்தப் புழுவின் பல்லில் செய்த கத்தியை வைத்துக்கொண்டு.